காதறுத்த குட்டிகள்

போன மாதம் நடந்த கால்நடை மருத்துவர் பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் உங்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓர் இளம் மருத்துவர். அவருக்கு ஒரு போன் வந்தது. எங்கோ ஒரு பெண்ணின் ஆடு நிறைமாதத்துக்கு முன்பே குட்டி வீசிவிட்டதாம். தம்பி போனில் சொன்னார்: "செத்த குட்டிய ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாம்மா. சும்மா வாயால சொன்னா எப்படி நம்புறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கூட்டத்தில் கத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். எதற்கு இந்தக் கோபம், ஓய்வு பெற்றவள் பேரப்பிள்ளைகளோடு விளையாடாமல் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு நினையுங்கள்.

எண்பதுகளின் பின்பாதியில் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு என்னை மாற்றினார்கள். ஒற்றை அறை, மழை பெய்தால் ஒழுகும் கூரை, யாரோ விட்டுப்போன பழைய மைக்ராஸ்கோப் ஒன்று. முதல் நாள் ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, மாடு ஒதச்சா தாங்குவியா?" என்று கேட்டார். "உங்கள ஒதச்சா நீங்க தாங்குவீங்களா? பிடிங்க கயித்த" என்றேன். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அப்போது வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த காலம். நாற்று நட்ட இடத்தில் கல் நட்டிருந்தார்கள். கூலி வேலை செய்த குடும்பத்து ஆண்கள் அம்பத்தூரில் லேத் பட்டறைக்கும் கம்பெனிக்கும் போனார்கள். பெண்கள் காலி மனைகளில் ஆடு மேய்த்தார்கள். ஆடுகள் பெரும்பாலும் அவர்களுடையவை அல்ல. ஆவடிப் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்த தொழிற்சாலைக் குடும்பங்களுடையவை. திருநெல்வேலி, மதுரை, சேலம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். கையில் கொஞ்சம் சேர்ந்தால் ஒரு பெட்டை ஆடு வாங்குவார்கள். குவார்ட்டர்ஸில் கட்ட இடம் கிடையாது. அதனால் இந்தப் பெண்களிடம் பங்குக்கு விடுவார்கள். போடுகிற குட்டியில் பாதி ஆட்டுக்காரருக்கு, பாதி வளர்ப்பவளுக்கு. எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. வாய்ச்சொல்தான்.

பருத்திப்பட்டு ஏரிக்கரை ஓரமாக இருந்த சரோஜாவிடம் அப்படி நான்கைந்து வீட்டு ஆடுகள் இருந்தன. நாற்பதைத் தாண்டியவள், கணவர் இல்லை, குரல் மட்டும் ஏரியின் அந்தக் கரை வரை கேட்கும். அவளுடைய ஒரே மகள் வள்ளி. அம்பத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். வள்ளியை நான் முதலில் பார்த்தது என் மருந்தகத்து வாசலில். ஒரு கையில் ஒயர் கூடை. கூடைக்கு மேல் ஈரச் சாக்கு. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா எடுத்துகினு வரச் சொல்லிச்சு டாக்டரம்மா. இன்னிக்கும் ஒண்ணு வீசிடுச்சு."

சாக்கை விலக்கினேன். முழுதாக வளர்ந்த, முடி முளைத்த குட்டி. அழுகல் இல்லை. தூங்குகிற மாதிரி இருந்தது. அதன் பக்கத்தில் நஞ்சுக்கொடி. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நல்ல நஞ்சுக்கொடி எப்படி இருக்கும் என்று. இது தடித்து, தோல் மாதிரி ஆகி, பொத்தான் பொத்தானாக இருக்கிற இடங்களில் செங்கல் நிறத்தில் அழுக்குச் சீழ் படிந்திருந்தது. குட்டியின் வலது காதில் நுனி இல்லை. நேராக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

"காது ஏன் இப்படி இருக்கு?"

"அது மொத ஊட்டுல அறுத்தாங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டே நின்றேன். ஆடு குட்டி வீசினால் வளர்ப்பவள் செத்த குட்டியைக் கொண்டுபோய் ஆட்டுக்காரரிடம் காட்ட வேண்டும். இல்லையென்றால் குட்டியை விற்றுத் தின்றுவிட்டுச் செத்துப்போச்சு என்று பொய் சொல்கிறாள் என்பார்கள். காட்டினால் மட்டும் போதாது. ஒரே குட்டியை இரண்டு வீட்டில் காட்டி ஏமாற்றுவாள் என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. அதனால் பார்த்ததும் பார்த்ததற்கு அடையாளமாகக் காது நுனியை அறுத்துவிடுவது என்று ஆயிற்று. பிறகு இன்னொருவருக்கு இன்னொரு சந்தேகம். எங்கேயோ செத்துக் கிடந்த குட்டியைப் பொறுக்கிக் கொண்டு வந்திருந்தால்? அதனால் நஞ்சுக்கொடியும் கூடவே வர வேண்டும். ஆட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து சாயங்காலம்தான் வருவார். அதுவரை கூடை வீட்டிலேயே இருக்கும். ஒற்றை அறை வீடு. வள்ளி மதியம் படுத்துத் தூங்குகிற அதே அறை.

"இந்தக் குட்டி யாரோடதும்மா?"

"ரெண்டு பேரு கூட்டா வாங்குன ஆடு. ஒரு ஊட்டுல பாத்தாச்சு. இன்னொரு ஊட்டுல பூட்டிகிது. சாயங்காலம் போவணும். அம்மா ஆடு ஓட்டிகினு போயிருக்கு, அதான் நான் எடுத்துகினு வந்தேன்."

ஏழு மாத வயிற்றோடு, வெறுங்கையில், அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தாள். எதற்கு? தன் தாய் திருடி இல்லை என்று நிரூபிக்க.

அன்றைக்கே கையுறை போட்டு மாதிரி எடுத்தேன். கூடையை அங்கேயே வைத்துக்கொண்டேன். வள்ளியை சோப்பு போட்டு முழங்கை வரை கழுவ வைத்தேன். நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்ததைச் சாயம் ஏற்றி என் பழைய மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நீலத்தின் நடுவே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், கொத்துக் கொத்தாக. ஆட்டைக் குட்டி வீச வைக்கிற கிளமிடியா என்ற கிருமி இப்படித்தான் தெரியும். ஆனால் கன்று வீச்சு நோய்க் கிருமியும், அதாவது புரூசெல்லாவும், அந்தச் சாயத்தில் இதே மாதிரி தெரியும். அதனால் குட்டி வீசிய ஆடுகளின் ரத்தத்தையும் சேர்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். "கிளமிடியாவாக இருக்கலாம், தயவுசெய்து அதையும் பாருங்கள்" என்று எழுதினேன்.

பதில் வந்தது. கன்று வீச்சு நோய் இல்லை. "வளர்ப்பு ஊடகத்தில் எதுவும் வளரவில்லை." கிளமிடியாவைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நீங்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளமிடியா பாக்டீரியாதான். ஆனால் உயிருள்ள செல்லுக்குள்ளே புகுந்து உட்கார்ந்தால்தான் அது பெருகும். தட்டில் ஊற்றி வைத்த சாதாரண ஊடகத்தில் அது வளரவே வளராது. வளராத ஒன்றை வளர வைக்கப் பார்த்து, வளரவில்லை என்று எழுதி, அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள். "வளரவில்லை" என்பது "இல்லை" என்று ஆகுமா? என் மேலதிகாரிக்கு ஆயிற்று. "நெகட்டிவ்னா நெகட்டிவ்தாம்மா. பனிக்காலம், தீவனம் சரியில்ல, குட்டி வீசுது. இதுக்குப் போய் ஒரு பேர் தேடிக்கிட்டு" என்றார். நல்ல ஆடுகளுக்குத் தடுப்பாக ஊசி போட மருந்து கேட்டேன். சிரித்தார். சிரித்ததைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

நான் சரோஜாவின் வீட்டுக்குப் போனேன். ஆடுகளெல்லாம் சாதுவாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. இதுதான் இந்த நோயின் அயோக்கியத்தனம். குட்டி வீசிய ஆட்டைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி தழை தின்னும். ஆனால் அது போட்ட நஞ்சுக்கொடியில், வடிகிற நீரில், கிருமி கோடிக் கோடியாக இருக்கும். மற்ற சினை ஆடு அதை முகர்ந்தால் போதும். ஒரு கர்ப்பிணிப் பெண் கையால் தொட்டால் அதைவிட மோசம்.

"சரோஜா, இனிமே குட்டி வீசினா யாரும் தொடக் கூடாது. வள்ளி அந்தப் பக்கமே வரக் கூடாது. நீ கையில பை மாட்டிக்கிட்டு ஆழமா குழி வெட்டு, சுண்ணாம்பு கொட்டிப் புதைச்சிடு. எங்கேயும் எடுத்துட்டுப் போகாத. இது ஆட்டுக்கு மட்டும் இல்ல, உன் பொண்ணு வயித்துக்கும் ஆபத்து."

சரோஜா என்னைப் பார்த்தாள். "நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல டாக்டரம்மா. பொதச்சிட்டா அவங்க இன்னா சொல்லுவாங்க தெரியுமா? சரோஜா துன்னுட்டான்னு சொல்லுவாங்க. நாளைக்கு ஆட்ட ஓட்டிகினு பூடுவாங்க. அப்பால நான் இன்னா பண்றது? மீன் பிடிக்கிறதா?"

"நான் அவங்ககிட்ட பேசுறேன்."

"நீ பேசு. பேசிட்டு வா. அப்பால நான் பொதைக்கிறேன்."

பேசினேன். சரோஜாவிடம் ஆடு விட்டிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சைக்கிளில் போனேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. சந்திரன் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருடைய ஆடு இன்னும் குட்டி போடவில்லை, நிறைசினை. மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். சந்திரன் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மேடம், நீங்க படிச்சவுக. உங்களுக்கு இவங்களப் பத்தித் தெரியாது. இதுக்கு முன்னால பட்டாபிராம் பக்கம் ஒருத்திகிட்ட விட்டேன். குட்டி செத்துப்போச்சு, ஆடு செத்துப்போச்சுன்னு சொல்லிச் சொல்லி ஒண்ணும் இல்லாம ஆக்கிட்டா. செத்தத ஒரு நாளும் கண்ணுல காட்டல."

"ஒருத்தி ஏமாத்தினா எல்லாரும் திருடியா சார்?"

"நான் அப்படிச் சொல்லல மேடம். காட்டட்டும். காட்டுனா நம்புறேன்."

"நான் பார்க்கறேன். என் கண்ணால பார்த்து உங்களுக்குச் சொல்றேன். என்னை நம்புவீங்களா?"

"எழுதிக் குடுப்பீங்களா? ஆபீஸ் சீல் போட்டு?"

குடுக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். சரோஜா வீட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கிறாள், செத்த குட்டியைத் தொடுவது அவள் உயிருக்கு ஆபத்து என்று, வாசற்படியில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "சரி மேடம், பார்ப்போம்" என்றார். இந்த இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்.

சந்திரனுடைய ஆடு அந்த வார முடிவிலேயே குட்டி வீசியது. இரட்டைக் குட்டி. சரோஜா எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போனேன், பார்த்தேன், நானே பக்கத்தில் நின்று குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வைத்தேன். வள்ளியைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டோம். மருந்தகத்துக்குத் திரும்பி, பார்த்ததை ஒரு தாளில் எழுதி, சீல் போட்டு, சந்திரனுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு. உடனே வரச் சொன்னார். போனால், மேசை மேல் என் தாள். சந்திரன் அதை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போயிருக்கிறார். "ஒரு தனியார் தகராறுல அரசாங்க சீல் எப்படிம்மா போடுவீங்க? பங்கு ஆடு, பாதி ஆடு, இதெல்லாம் நம்ம வேலையா? நாளைக்குக் கோர்ட்டுக்கு இழுத்தா யார் வந்து நிப்பா?" என்று ஆரம்பித்தார். "நோய் பரவாமத் தடுக்கறது நம்ம வேலை சார்" என்றேன். "எந்த நோய்? ரிசல்ட்டுல எங்கம்மா இருக்கு நோய்?" என்றார். உட்காரச் சொல்லவில்லை. மதியம் வரை நின்றேன். விளக்கம் எழுதச் சொன்னார், நின்றுகொண்டே எழுதினேன்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில் சந்திரன் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தார். கூட ஒரு சிநேகிதர். சரோஜா ஆடு ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் வள்ளி மட்டும். நடந்ததை வள்ளி பிறகு எனக்குச் சொன்னாள்.

"எங்க பொதச்சே? காட்டுன்னு கேட்டாரு. டாக்டரம்மா பாத்துச்சுங்க சார்னு சொன்னேன். அந்த டாக்டரம்மாவே ஒங்க ஆளுதான்னாரு. காட்டலன்னா இப்பவே போலீசுக்குப் போறேன், ஒங்கம்மாவ உள்ள வெப்பேன்னாரு. எனக்கு பயமா பூடுச்சு. மம்மட்டி எடுத்து நானே தோண்டுனேன்."

"அவர் தோண்டலையா?"

"அவரு தள்ளி நின்னாரு. நாறுதுன்னு மூக்கப் பொத்திகினு."

சுண்ணாம்பை வள்ளி கையாலேயே தட்டிவிட்டு, இரண்டு குட்டியையும் தூக்கிக் காட்டியிருக்கிறாள். நஞ்சுக்கொடியையும் விரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். காட்டியிருக்கிறாள். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்து நீட்டினாராம். "காத நீயே அறும்மா" என்றாராம்.

வள்ளி அறுத்தாள்.

சில நாள் ஒன்றும் இல்லை. வள்ளி நன்றாகத்தான் இருந்தாள். நான் போகும்போதெல்லாம் காய்ச்சல் உண்டா, தலைவலி உண்டா என்று கேட்பேன். "இன்னா டாக்டரம்மா, என்ன ஆடுன்னு நெனச்சுகினியா?" என்று சிரிப்பாள். பிறகு ஒரு நாள் சரோஜா மருந்தகத்துக்கு ஓடி வந்தாள். வள்ளிக்குக் குளிர் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, மலேரியா என்று ஊசி போடுகிறார்கள், காய்ச்சல் இறங்கவே இல்லை, வயிற்றில் பிள்ளை அசைவது குறைந்துவிட்டது என்றாள்.

அப்படியே மருந்தகத்தைப் பூட்டிவிட்டு ஓடினேன். வார்டில் இருந்த டியூட்டி டாக்டர் சின்ன வயசு, உங்கள் வயசுதான் இருக்கும். நடந்ததைச் சொன்னேன். செத்த குட்டி, நஞ்சுக்கொடி, சிவப்புப் புள்ளிகள், எல்லாம். கேட்டுக்கொண்டே கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"நீங்க எந்த ஆஸ்பத்திரி மேடம்?"

"நான் கால்நடை மருத்துவர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற இன்னொருவரைப் பார்த்தார். "ஓ, மாட்டு டாக்டரா?" என்றார். "மேடம், இது மனுஷங்க வார்டு. லேப் ரிப்போர்ட் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க, பார்க்கலாம்."

இருந்தது ஒரு ரிப்போர்ட். "எதுவும் வளரவில்லை" என்று. அதை எப்படிக் காட்டுவேன்?

சாயங்காலம் வரை வார்டு வாசலில் நின்றேன். வருகிற டாக்டர், போகிற டாக்டர் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவர் காவலாளியைக் கூப்பிட்டு என்னை வெளியே விடச் சொன்னார். மறுநாள் காலை ரவுண்டுக்கு மகப்பேறு பிரிவின் தலைமை மருத்துவர் வந்தார். வயதான அம்மாள். நான் குறுக்கே போய் நின்றேன். இந்த முறை முன்கதை எதுவும் சொல்லவில்லை. "இந்தப் பொண்ணு குட்டி வீசின ஆட்டோட நஞ்சுக்கொடிய வெறுங்கையால தொட்டிருக்கா" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாள் நின்றார். நான் யார் என்று கேட்கவில்லை. காகிதம் கேட்கவில்லை. இரண்டே கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு நாள் முன்னாடி? நீங்க என்னன்னு சந்தேகப்படறீங்க?"

சொன்னேன். அங்கேயே மருந்தை மாற்றினார். டியூட்டி டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "காகிதம் அப்புறம் வரட்டும்பா, முதல்ல இந்தப் பொண்ணைப் பார்ப்போம்" என்றார். என் வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய பாடம் அந்த அம்மாளிடம்தான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

வள்ளி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. மருந்து மாறுவதற்கு முன்பே அதன் இதயத் துடிப்பு நின்றுவிட்டிருந்தது. ஒரு நாள். மாட்டு டாக்டர் சொல்வதைக் கேட்க ஒரு நாள் எடுத்தார்கள். அந்த ஒரு நாளில் பிள்ளை பிழைத்திருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

வள்ளிக்கு வந்தது கிளமிடியாதான் என்று நிரூபிக்க இன்றுவரை என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்தக் காலத்தில் அதற்கான சோதனை செய்ய யாரும் தயாராக இல்லை. கேஸ் ஷீட்டில் காரணம் தெரியாத காய்ச்சல் என்று எழுதினார்கள். அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். ஆட்டுக்காரருக்குச் செத்த குட்டி வேண்டும். மேலதிகாரிக்கு ரிசல்ட் வேண்டும். டியூட்டி டாக்டருக்கு ரிப்போர்ட் வேண்டும். ஒருத்தி வாயைத் திறந்து சொன்னால் அது யாருக்கும் போதாது. போதாது என்று சொன்ன ஒவ்வொருவரும் அந்தக் கிருமிக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். மாதிரி வேண்டாம், சோதனை வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேண்டும். ஆனால் அதை எடுக்க வேண்டியது நீங்கள். கையுறை போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறி, ஆடு கிடக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். அவளைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். அவளிடம் கையுறை இல்லை. அவள் வயிற்றில் என்ன இருக்கிறது என்று போனில் உங்களுக்குத் தெரியாது.

மிச்சம் இருந்த சினை ஆடுகளுக்கு நான் யாரையும் கேட்காமல் ஊசி போட்டேன். மேலதிகாரி அதற்கும் விளக்கம் கேட்டார். இந்த முறை உட்கார்ந்துகொண்டு எழுதினேன். நாற்காலியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த வட்டாரத்தில் செத்த குட்டியைக் காட்டுகிற வழக்கம் மெல்ல மெல்ல நின்றது. என் பேச்சால் நின்றது என்று பெருமை பேச மாட்டேன். அது நின்றதற்குக் காரணம், வள்ளிக்குப் பிரசவமான மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது. குவார்ட்டர்ஸ் முழுக்க அது பேச்சாயிற்று.

சரோஜா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துணி சுற்றிய பிள்ளை. மருமகன் வண்டி பார்க்கப் போயிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை.

அப்போது சந்திரன் வந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். கையில் ரொட்டியும் பழமும். எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றார். "எனக்குத் தெரியாதும்மா. இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார்.

"தெரியாதுன்னு சொல்லாதீங்க சார்" என்று நான் எழுந்தேன். "உங்க வாசல்ல நின்னு நான் சொன்னேன்."

சரோஜா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிறகு அவள் எழுந்தாள். பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள். துணியை விலக்கினாள். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"இந்தா சார். செத்துப்போச்சுன்னு சொம்மா சொல்லல. நல்லா பாத்துக்க" என்றாள். "கத்தி எடுத்தாந்தியா?"